கழுத்தைச் சுற்றாத டை

ஆண்கள் கோட்டும் டையும் எப்படிப் போட வேண்டும் என்று திருப்பூரில் அதிகமாகப் பேசியவர்கள், அவற்றை அன்றாடம் போடாதவர்கள்தான். உலகத்துக்கே டீ-சர்ட் தைத்து அனுப்புகிற ஊர் இது. எங்கள் கம்பெனி முதலாளியே வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு என்றுதான் வருவார். வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுக்கிற பையர் வந்து இறங்கினாலும் அதே வேட்டிதான். அப்படிப்பட்ட ஊரில், செல்போன் எல்லார் கைக்கும் வரத் தொடங்கியிருந்த வருஷங்களில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. உடனே மாப்பிள்ளையின் கோட்டுக்கு ஆளாளுக்குச் சட்டம் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

நாங்கள் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த கிறிஸ்தவக் குடும்பம். நல்லூரில் வாடகை வீடு. ஊரில் தையல்காரராக இருந்த அப்பா, இங்கே குழந்தைகள் உடுப்பு தைக்கிற யூனிட்டில் சூப்பர்வைசர். அதே முதலாளியின் ஆபீஸில், பையருக்கு சாம்பிள் அனுப்புகிற பிரிவில் நான் இருந்தேன். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆலயத்தில் மாப்பிள்ளை கோட்டும் டையும் போட்டுத்தான் நிற்க வேண்டும், அதைப் பெண்வீட்டார்தான் எடுத்துத் தர வேண்டும். வெயில் மண்டையைப் பிளந்தாலும் அதில் மாற்றம் கிடையாது.

அப்பாவின் பிடிவாதம் கொஞ்சநஞ்சமல்ல. "மேல் பட்டனைப் பூட்டணும். முடிச்சு தொண்டைக்குழியில உக்காரணும். நுனி பெல்ட்டைத் தொடணும். இதுல ஒண்ணு கொறஞ்சாலும் அது கோட்டு சூட்டு இல்ல, கூத்து" என்பார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிற எலாஸ்டிக் டையைக் கண்டாலே அவருக்கு ஆகாது. அதை ஸ்டிக்கர் என்பார்.

அம்மாவின் தம்பி, என் தாய்மாமா, மெடிக்கல் ரெப்பாக இருந்து டையும் பைக்குமாக ஊர் சுற்றியவர். அதனால் டை விஷயத்தில் தன்னை விட்டால் ஆளில்லை என்ற நினைப்பு. "முடிச்சுக்குக் கீழ ஒரு குழி விழணும், அதான் அழகு. கோட்டுல கடைசிப் பட்டனைப் போடவே கூடாது" என்றார். அப்பாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "போடக் கூடாத பட்டனை எதுக்குவே வச்சுத் தைக்கான்? பட்டனும் காஜாவும் சும்மாவா வருது?"

முதலாளியோ கோட்டே வேண்டாம் என்கிற கட்சி. பத்திரிகை கொடுக்கப் போனபோது, "ஏனுங்க, இந்த வெயில்ல மாப்பிள்ளை வெந்து போயிருவாருங்க. நல்ல வேட்டி சட்டையில நிறுத்துங்க, ராஜாவாட்ட இருப்பாரு" என்றார். அப்பா சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு, வெளியே வந்ததும், "அவரு பழனிக்குப் போறதுக்குச் சொல்லுதாரு" என்றார்.

கோயம்புத்தூரில் போய்க் கோட்டு எடுத்து வந்தோம். இடது கை நுனியில், வெளிப்புறமாக, கம்பெனி பெயர் போட்ட துணி லேபிள் ஒன்று நாலு தையலில் லேசாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிரித்து எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும் என்றார் தாய்மாமா. அது கடையில் அடையாளத்துக்கு ஒட்டுவது மட்டும்தான், அவர் சொன்னதே சரி என்று இப்போது தெரிகிறது. அப்போது யார் கேட்டார்கள்? லேபிள் இல்லாத பீஸ் ரிஜெக்ட் என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். யூனிட்டில் செக்கிங் பண்ணுகிற அக்காமார்கள் கோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "லேபிள் தொங்குதுங்கண்ணா, கழண்டு விழுந்துரப் போகுது" என்று அப்பாவிடம் சொன்னார்கள். அப்பா அதை மெஷினில் வைத்து நாலு பக்கமும் அழுத்தமாக அடித்துவிட்டார். எங்கள் கல்யாண ஆல்பத்தில் என் கணவர் மோதிரம் போடும் படத்தில் மோதிரத்தைவிட லேபிள்தான் பளிச்சென்று தெரியும்.

மாப்பிள்ளையும் எங்கள் ஊர்ப் பக்கத்துக் குடும்பம்தான். ஆனால் திருப்பூரை ஒட்டிய பெருமாநல்லூரிலேயே வளர்ந்ததால் பேச்சில் கொங்குத் தமிழ் ஒட்டியிருந்தது. காம்பாக்டிங் மெஷின் ஓட்டினார். சாயம் போட்டு வந்த துணியைச் சூடான உருளைகளுக்கு நடுவே விட்டு அமுக்கிச் சீராக்குகிற மெஷின் அது. அதிர்ந்து பேசாத ஆள். சட்டையில் மேல் இரண்டு பட்டனையும் எப்போதும் திறந்தே விட்டிருப்பார். அப்பாவுக்கு அது ஒன்றுதான் உறுத்தல். "பாக்க ரவுடி மாதிரியில்லா இருக்கு" என்று அம்மாவிடம் முணுமுணுப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், கோட்டுப் போட்டுப் பார்க்க அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா அவரைக் கண்ணாடி முன் நிறுத்திப் புதுச் சட்டையின் மேல் பட்டனைப் பூட்டினார். மாப்பிள்ளையின் நெற்றியில் வேர்வை பொடித்தது. வெயில் என்று நினைத்தோம். அப்பா டையைச் சுற்றி முடிச்சுப் போட்டு, "நிமிந்து நில்லுங்க மாப்ள" என்று முடிச்சை மேலே ஏற்றினார். அவ்வளவுதான். அவர் அப்பாவின் கையைப் பிடித்து ஒரே தள்ளு தள்ளினார். அப்பா போய்க் கட்டிலில் மோதி உட்கார்ந்தார். டையைப் பிய்த்தெறிந்து, பட்டன் தெறிக்கச் சட்டையைத் திறந்துகொண்டு அவர் வெளியே போனார். பைக் கிளம்புகிற சத்தம் கேட்டது.

"கை நீட்டுற பயலுக்கா பொண்ணு குடுக்கப் போறீய?" என்று தாய்மாமா குதித்தார். அம்மா அழுதாள். அப்பா, "அடுத்த வாரம் ஓலை வாசிக்க வேண்டாம்னு பாதிரியார்கிட்ட சொல்லிருதேன்" என்றார். கல்யாணத்துக்கு முந்தைய ஞாயிறுகளில் இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்று ஆலயத்தில் வாசிப்பதைத்தான் நாங்கள் ஓலை என்போம். அது நின்றால் கல்யாணம் நின்றது என்று அர்த்தம்.

கொல்லைப் பக்கம் போய் மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். முதலில் எடுக்கவில்லை. பிறகு அவரே கூப்பிட்டார். "உங்கப்பாவைத் தள்ளணும்னு தள்ளலை" என்றார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள், கழுத்தில் போட்டிருந்த துண்டின் நுனியை மெஷின் உருளை இழுத்துக்கொண்டதாம். துண்டு இறுகி, முகம் துணிமேல் போய் அழுந்திவிட்டது. அடுத்த மெஷினில் நின்ற ஒரு ஹிந்திக்கார அண்ணன் பாய்ந்து வந்து ஸ்விட்சை அமுக்கி நிறுத்தியிருக்கிறார். அன்றிலிருந்து கழுத்தில் எது இறுகினாலும் இவருக்கு மூச்சு நின்றுவிடுகிறது.

"ஒரு ஆம்பளை டையைக் கண்டு பயப்படறான்னா ஊரே சிரிக்கும். உங்கப்பாகிட்ட மட்டும் சொல்லு. வேற யாருக்கும் தெரிய வேண்டாம். அப்புறமும் அவரு வேண்டாம்னா, சரி" என்றார்.

அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவர் முகம் சிவந்தது. "துண்டைப் போட்டுக்கிட்டு மெஷின்ல நிக்க விட்டது எந்த சூப்பர்வைசர்? அவனுக்குக் கண்ணு எங்க போச்சு?" என்றார். துப்பட்டாவைப் பின் குத்தாமல் மெஷினில் உட்காருகிற பெண்களை அவர் போடுகிற சத்தம் எனக்குத் தெரியும். ஆனாலும் ஆத்திரமாக வந்தது. மனுஷனுக்கு உயிர் போய் வந்திருக்கிறது, இவர் யாரோ ஒரு சூப்பர்வைசரைத் திட்டிக்கொண்டிருக்கிறார். கல்யாணம் உண்டா இல்லையா என்று மட்டும் சொல்லவில்லை.

மறுநாள் நான் ஆபீஸிலிருந்து வந்தபோது அப்பா யூனிட்டுக்கு லீவு போட்டுவிட்டு வீட்டு மெஷினில் உட்கார்ந்திருந்தார். அந்த டை, கழுத்தைச் சுற்றுகிற பகுதி வெட்டப்பட்டு, முடிச்சும் தொங்கலுமாக மட்டும் மடியில் கிடந்தது. முடிச்சின் பின்னால் ஒரு பிரஸ் பட்டன் தைத்து, அதன் ஜோடியைச் சட்டையில் தைத்திருந்தார். காலர் கழுத்தில் படாதபடி சட்டையையும் தாராளமாகப் புதிதாகத் தைத்திருந்தார். பூட்டி, இழுத்துப் பார்த்தார். பட்டன் விடவில்லை. பிரித்துவிட்டு வேறு பட்டன் வைத்தார். குழந்தை உடுப்பில் பட்டன் இழுத்தால் வரக் கூடாது, வந்தால் பிள்ளை வாயில் போட்டுவிடும். அதையே நாள் முழுக்க இழுத்து இழுத்துச் சோதிக்கிற வேலை அவருக்கு. அன்றைக்கு, இழுத்தால் வந்துவிட வேண்டும் என்று உட்கார்ந்து தைத்தார். காப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்தேன், வேறென்ன செய்ய?

அதை ஒரு பையில் போட்டுக்கொண்டு அவரே பெருமாநல்லூருக்கு பஸ் ஏறினார். அங்கே என்ன பேசினார்கள் என்று பிறகு என் கணவரிடம் கேட்டேன். "ஒண்ணும் பேசலை. பூட்டிக் காட்டுனாரு. இழுங்கன்னாரு. இழுத்தேன், வந்துருச்சு. அப்புறம் ரெண்டு பேரும் டீ குடிச்சோம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் எங்கள் ஓலை வாசிக்கப்பட்டது. தாய்மாமாவிடம் அப்பா, "நான்தான் ரொம்ப இறுக்கிட்டேன்" என்று மட்டும் சொல்லி முடித்துக்கொண்டார்.

ஆலயத்தில் எல்லாம் நல்லபடியாக நடந்தது. டை கச்சிதமாக உட்கார்ந்திருந்தது, யாருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. மாலையில் மண்டபத்தில் வரவேற்பு. கம்பெனி ஆட்கள், முதலாளி குடும்பம், ஊரிலிருந்து வந்த சொந்தம் என்று கூட்டம் நிறைந்திருந்தது. தாய்மாமா பரிசோடு மேடை ஏறினார். போட்டோவுக்கு நிற்கும்போது அவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. "முடிச்சு சாஞ்சிருக்கு மாப்ள, குழியே விழல" என்று டையைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். டை அப்படியே அவர் கையோடு வந்துவிட்டது.

ஒரு நொடி ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பின்னால் பரவியது. "என்னய்யா இது, பள்ளிக்கூடத்து டையா?" என்று தாய்மாமா அதைத் தூக்கிக் காட்டினார். என் கணவரின் கை கழுத்துக்குப் போனது. அவர் யாருக்கும் தெரிய வேண்டாம் என்று கேட்டது இந்த ஒன்றைத்தான். எனக்கு மேடையோடு பூமிக்குள் போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

அப்பா படியேறி வந்தார். அவரும் அன்று கோட்டில்தான் இருந்தார், கழுத்தில் அவருடைய மெரூன் டை. எனக்குத் தெரிந்து அவரிடம் இருந்த ஒரே டை அதுதான். அம்மாவைக் கைப்பிடித்த நாளில் கட்டியது, பீரோவில் அந்துருண்டை போட்டு வைத்திருப்பது. அவர் தாய்மாமாவைப் பார்த்து, "எதுக்குவே சிரிக்க? நான்தான் தச்சேன். எக்ஸ்போர்ட்டுல இப்போ இதான் மாடல்" என்றார். சொல்லிவிட்டுத் தன் டையைப் பிடித்து இழுத்தார். அதுவும் பட்டென்று கையோடு வந்தது.

"நம்ம வீட்டு ஆம்பளைக டை இனிமே இப்படித்தான்" என்றார்.

அந்த டையை அவர் எப்போது வெட்டினார் என்று எனக்குத் தெரியாது. ஸ்டிக்கர் என்று வாய்க்கு வாய் கேலி பேசியவர், மாப்பிள்ளை மட்டும் தனியாக நிற்கக் கூடாது என்று தன் கல்யாண டையைத் தானே வெட்டி, பட்டன் வைத்துத் தைத்துப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். அந்த ஒரு நிமிஷத்துக்காக அவருக்கு நான் எத்தனை நன்றி சொன்னாலும் தீராது. கீழேயிருந்து முதலாளி, "அட, இது நல்லாருக்குதுங்களே, எனக்கும் ஒண்ணு தச்சுக் குடுங்க" என்று சத்தம் போட்டார். கூட்டம் மறுபடி சிரித்தது. இந்த முறை அந்தச் சிரிப்பு எங்களைக் குத்தவில்லை.

தாய்மாமா டையைத் திருப்பிக் கொடுத்தார். என் கணவர் அதைத் தன் சட்டையில் பூட்டிக்கொள்ளவில்லை, கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். அப்பாவின் கையிலிருந்த மெரூன் டையை வாங்கினார். "கொஞ்சம் நிமிருங்க மாமா" என்றார். அப்பா கழுத்தை உயர்த்தி, அவர் பூட்டி முடிக்கும் வரை அசையாமல் நின்றார்.