பெயரில் இருந்த செடி

அப்பா முத்தியால்பேட்டையிலிருந்து சைக்கிளில் போய், கடற்கரைப் பக்கம் இருந்த ஒரு பிரெஞ்சுக்காரரின் மருந்துக்கடையில் வேலை பார்த்தார். ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறிய பிறகும் கடை அப்படியேதான் இருந்தது. அப்பாவின் பெருமையும் குறையவில்லை. ஒரு மருந்தின் பெயரைப் பிய்த்துப் பிய்த்து அர்த்தம் சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. டீச்சர் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்த எனக்கு அது எரிச்சலாக இருக்கும்.

அந்த வருஷம் அம்மாவுக்கு விரல் கணுக்களெல்லாம் வீங்கிவிட்டன. மாவாட்ட முடியவில்லை, தலைகூடப் பின்ன முடியவில்லை. நாட்டு வைத்தியரிடம் மருந்து வாங்கிப் பத்தியம் இருந்தாள். அப்பா கொண்டுவந்த ஆஸ்பிரினைத் தொடவே இல்லை.

“வேற மருந்து கலக்கக் கூடாதுன்னு வைத்தியர் சொல்லியிருக்காருங்க. வெள்ளைக்காரன் மாத்திரை எனக்கு வேணாம்.”

“பேரைக் கேளுடி மொதல்ல. நடுவுல ‘ஸ்பிர்’னு வருதே, அது ஒரு செடி. ஸ்பிரேயான்னு பேரு. அவுங்க ஊரு ஈரத்தரையில வெள்ளையாப் பூக்குது. முன்னாடி இருக்குற ‘ஆ’, அதோட சேக்குற சரக்கு. கடைசியில ‘இன்’, அது மருந்துன்னாலே வைக்கிற வாலு. மத்தபடி இதுவும் பச்சிலைதான்.”

“நெசமாவா?”

“உங்கிட்ட பொய் சொல்லுவனா? சாப்பிட்டுட்டு ஒண்ணு போடு.”

பெயரைப் பற்றி அவர் சொன்னது சரிதான். ஆனால் மாத்திரையில் அந்தச் செடி கிடையாது, எல்லாம் தொழிற்சாலையில் செய்வது. அதுவும் அவருக்குத் தெரியும். அவள் வலி தீர்ந்தால் போதும் என்று அதை மட்டும் சொல்லாமல் விட்டார்.

பச்சிலை என்று ஆனதும் அம்மா அதைப் பச்சிலை சாப்பிடுகிற மாதிரியே சாப்பிட்டாள். நாங்கள் எழுவதற்கு முன்பே குளித்து, கிழக்கே பார்த்து நின்று, வெறும் வயிற்றில். ஒரு மண்டலம் விடக் கூடாது என்று மனசுக்குள் வைத்திருந்தாள். விரல்கள் மடங்கின. மறுபடி மாவாட்டினாள். அப்பாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. வயிறு எரிந்ததை அம்மா எங்களிடம் சொல்லவே இல்லை, மருந்து வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஒருநாள் மத்தியானம் ரத்தமாக வாந்தி எடுத்து, ஆட்டுக்கல் பக்கத்திலேயே விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

“மாத்திரை ஏதாச்சும் சாப்பிட்டீங்களாம்மா?” என்று டாக்டர் கேட்டார்.

“மாத்திரையெல்லாம் தொடறதில்லைங்க ஐயா. பச்சிலைதான். தெனம் வெறும் வயித்துல.”

அப்பா முன்னால் வந்தார். “ஆஸ்பிரின், டாக்டர்” என்றார்.

அம்மா அவரைப் பார்த்தாள். “செடின்னுதானே சொன்னீங்க?”

“பேருலதான் செடி” என்றார் அப்பா.

மறுநாள் காலை அம்மா போய்விட்டாள். எனக்கு அழுகை வரவில்லை. வந்தவர்களுக்குக் காபி போட்டேன், பாத்திரம் கழுவினேன். உடம்பு யாருடையதோ போல இருந்தது. அப்பா மேல் கோபப்படக்கூட என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை.

கருமாதி முடிந்து அப்பா வேலைக்குப் போனார். சாப்பாடு கொண்டுபோன நான் கடை வாசலில் நின்றேன். மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓர் அம்மாள் முட்டிவலிக்குத் தைலம் கேட்டார். அப்பா எடுத்துக் கொடுத்தார். பெயரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

“சாப்பிட்டப்புறம்தாம்மா” என்றார்.

“மேல தடவுறதுக்குத்தானேங்க?”

“சாப்பிட்டப்புறம்” என்றார் அப்பா.