பூச்சுப் பானையும் பஸ்ஸில் வந்த பெண்ணும்

இதை எழுதலாமா என்று சில வருடங்களாகத் தயங்கினேன். எனக்குப் படிப்பு குறைவு; தப்பாகச் சொல்லிவிட்டால் அம்மனுக்கே பொறுக்காது.

விருதுநகரில் பித்தளைப் பானைக்கு ஈயம் பூசி வாங்கிக்கொண்டு சிவகாசி பஸ்ஸில் வந்தேன். மறுநாள் எங்கள் அம்மன் கோயிலில் பொங்கல். பக்கத்தில் எண்ணெய் வைத்துப் படியத் தலை வாரிய, ஒல்லியான பெண். எதைக் கேட்டாலும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். ஆராய்ச்சி செய்கிறாளாம். வெள்ளீயம் சேர்ந்த சில ரசாயனங்கள் நரம்புச் செல்லுக்குள் கால்சியத்தை ஏற்றிவிடும், அளவுக்கு மேல் ஏறினால் செல் செத்துப்போகும் என்றாள்.

மடியிலிருந்த பானையைத் திருப்பி உள்பூச்சைப் பார்த்தேன்.

“ஏத்தா, இதுலயும் அந்த ஈயந்தானே? நாளைக்கு ஊரே இதுல பொங்கல் சாப்பிடுமே!”

கண்ணாடியைத் துடைத்தாள்.

“பூச்சு சுத்த வெள்ளீயம்னா பயமில்லக்கா. நான் சொல்றது கரிமத்தோட சேர்த்துச் செஞ்சது, கப்பல் பெயிண்டுல எல்லாம் போட்டாக. பட்டாசு ரூம்ல மருந்தைக் கொஞ்சமாத்தானே வைப்பாக? செல்லும் கால்சியத்தை உள்ள கொஞ்சமாத்தான் வச்சிருக்கும். அந்த ரசாயனம் வெளிய கிடக்கிறதையும் உள்ள விட்டுரும்.”

“எங்க வீட்டுக்காரரும் மருந்துதான் கலக்குறாரு, புரியுது. அப்ப மனுசனை எம்புட்டுப் பாதிக்கும்?”

மறுபடியும் துடைத்தாள். “நான் பாத்தது தட்டுல வளர்த்த செல்லுலதான். மனுசனுக்கு எம்புட்டுனு எனக்குத் தெரியாதுக்கா.”

“இம்புட்டுப் படிச்சுமா?” என்றேன். சிரித்தாள்.

பூசியவர் சுத்த வெள்ளீயம் என்றுதான் சொல்லியிருந்தார்; மறுநாள் அந்தப் பானையிலேயே பொங்கல் வைத்தேன். தெரியாது என்பதை அவளால் எப்படி அவ்வளவு நிம்மதியாகச் சொல்ல முடிந்தது என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. இதை நாலு பேரிடம் சொல்லுங்கள். அவள் தெரியாது என்ற இடத்தில் தெரியும் என்று மட்டும் சேர்த்துவிடாதீர்கள்.