கம்ப்ரஸரில் ஒரு சிவப்புப் புள்ளி

"நல்லதைக் கழட்டிட்டு ஓட்டையை மாட்டிருவானுங்க!"

மெக்கானிக் என்று யாராவது பேச்செடுத்தால் போதும், டாக்ஸி ஓட்டும் என் மாமா இதைத்தான் சொல்வார். பாதி மூக்கிலும் பாதி தொண்டையிலும் வரும் குரல். வண்டியைப் பட்டறையில் விடுவதற்கு முன்னால் அத்தையின் நகப்பூச்சை எடுத்துப்போய் பேட்டரி, ரேடியேட்டர், ஏசி கம்ப்ரஸர் எல்லாவற்றிலும் சிவப்பாக ஒரு புள்ளி வைப்பார். வண்டி திரும்பியதும் டார்ச் அடித்து எண்ணுவார்.

"என் விரலைவிட உங்க இன்ஜின்தான் அழகா இருக்கு" என்பார் அத்தை.

அந்தக் கோடையில் ஏசி ஓடுவதும் நிற்பதுமாகப் படுத்தியது. "ஏசி கேஸ் எங்கியோ கசியுதுண்ணே. ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்க, தேடிப் பாக்கறேன்" என்றார் வழக்கமாக வண்டியைப் பார்க்கும் மெக்கானிக்.

ரெண்டு நாளா! மாமாவின் புருவம் உச்சிக்கு ஏறியது. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். மறுநாளே ஏசி நிற்காமல் ஓடியது.

"அவன் ரெண்டு நாள் கேட்டான். நான் ரெண்டே நிமிஷத்துல முடிச்சேன்!" எப்படி என்று கேட்டால் மட்டும் கண்ணடிப்பார்.

பத்தாம் நாள் கிறீச்சென்று ஒரு சத்தம், பெல்ட் கருகும் வாடை, அப்புறம் அனல் காற்று. பின்சீட்டில் இருந்தவர், மாமா தினமும் ஆபீசுக்குக் கூட்டிப்போகும் மேனேஜர் அம்மா. மாமாவுக்கு நிலையான சவாரி அவர் ஒருவர்தான்.

"திங்கக்கிழமை வண்டி குளுகுளுன்னு இருக்கணும். இல்லேன்னா நான் வேற வண்டி பாத்துக்கறேன்" என்று கைக்குட்டையால் விசிறியபடியே இறங்கிப் போனார்.

பட்டறைக்கு அத்தையும் கூடப் போனார். கம்ப்ரஸரைக் கழற்றியதும் மாமா முதலில் தேடியது புள்ளியை. அப்படியே இருந்தது. திட்ட ஆள் கிடைக்காமல் மாமாவின் முகம் தொங்கிவிட்டது.

மெக்கானிக் சுழற்றிப் பார்த்தார். அசையவில்லை.

"இறுகிப்போச்சுண்ணே. கேஸை அமுக்கிச் சுத்த விடறது இதுதான். இதுக்கு வேண்டிய எண்ணெயும் கேஸ் கூடவேதான் சுத்தி வரும். கேஸ் போனா எண்ணெய் வராது. உள்ள காஞ்சு, உரசி, பிடிச்சுக்கும். அதுக்குத்தானே கேஸ் குறைஞ்சதும் ஓட்டத்தை நிறுத்தறதுக்கு கம்பெனிக்காரனே ஒரு சுவிட்ச் வச்சிருக்கான்? அது ஏன் நிறுத்தல?"

குனிந்து துழாவியவர் எதையோ இழுத்துக் காட்டினார். சுவிட்ச் வேலை செய்யாதபடி குறுக்கே போட்ட ஒரு துண்டு வயர். மேலே கறுப்பு டேப். டேப்பின் மேல் சிவப்பாக ஒரு புள்ளி.

அத்தை தன் நகத்தைப் பார்த்தார், புள்ளியைப் பார்த்தார், சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"அந்த சுவிட்ச் நீ பண்ண வேலைன்னு நெனச்சேன்டா" என்றார் மாமா, குரல் இறங்கி. "அப்பப்ப நின்னாத்தானே நான் அப்பப்ப உன்கிட்ட வருவேன்?"

வேறு கம்ப்ரஸர் போட்டு, கசிவை அடைக்க அதே ரெண்டு நாள். திங்கட்கிழமைக்கும் சரியாக ரெண்டு நாள்தான். மாமா சாவியை நீட்டினார். கை மட்டும் அதை விடவில்லை.

"இப்பவாச்சும் என்னை நம்பறீங்களாண்ணே?" என்றார் மெக்கானிக்.

"உன்னை நம்பறேன்னு எவன்டா சொன்னான்? இப்ப என்னையே நம்பல, அவ்வளவுதான்! வேலை முடிஞ்சதும் பானெட்டுக்கு ஒரு பூட்டு போட்டு, சாவியை உங்க அண்ணிகிட்ட குடுத்துரு. நானே வந்து கேட்டாலும் குடுக்கக் கூடாதுன்னு சொல்லு. ஆனா ஒண்ணு, பூட்டை நான்தான் வாங்கிட்டு வருவேன்!"