காது மூக்குப் புத்தகத்துக்குள் ஒரு கண்

எங்கள் மருத்துவக் கல்லூரி நூலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. உஷ் அக்கா, அவ்வளவுதான். யாராவது வாயைத் திறந்தால் போதும், ஏதோ ஓர் அலமாரிக்குப் பின்னாலிருந்து ‘உஷ்’ வரும். பேராசிரியரானாலும் முதலாண்டு மாணவனானாலும் ஒரே உஷ்தான். நான் அங்கே ஜெராக்ஸ் போடுகிறவன். என் மெஷினையே பார்த்து ஒருமுறை உஷ் சொன்ன புண்ணியவதி அவர். பதினோரு வருடமாக அவரோடு மல்லுக்கட்டுகிறேன், அவரைப் பற்றிச் சொல்ல எனக்கில்லாத உரிமை வேறு யாருக்கு?

தூசி தட்டும் தற்காலிக வேலைக்கு வந்தவர், முப்பத்திரண்டு வருடம் ஆகிவிட்டது. நோய்களின் பெயர் ஒன்றுகூட வாயில் நுழையாது. ஆனால் அந்த நோய் எந்த வருடத்துத் தொகுதியில், எந்தத் தட்டில் குடியிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், கொண்டையில் செருகிய பென்சிலை உருவி எழுதிக் கொடுத்துவிடுவார். வீட்டுக்காரர் பஸ் டிரைவர். “உங்க அக்கா தூக்கத்துலயும் உஷ்ங்கிறா தம்பி, குறட்டை விடவே பயமா இருக்கு” என்று என்னிடம் வந்து புலம்புவார்.

அக்காவின் முக்கிய வேலை பைண்டிங். மாதாமாதம் வரும் மருத்துவ இதழ்களை வருடக் கடைசியில் வரிசைப்படுத்தி, கட்டுக் கட்டி, முதுகில் என்ன பெயர் அச்சடிக்க வேண்டும் என்று சீட்டு எழுதி அனுப்ப வேண்டும். “என் கட்டுல ஒரு இதழ் மாறியிருந்தா என் பேர மாத்திக்கிறேன்” என்று அடித்துச் சொல்வார். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போயிருந்தது.

அன்றைக்கு மதியம் ஒரு மணி. அக்கா டிபன் பாக்ஸைத் திறந்துவிட்டார். அப்போது கண் பிரிவின் பயிற்சி டாக்டர் ஓடி வந்தாள். சின்னப் பெண், கோட்டுப் பட்டனைக்கூட மாற்றிப் போட்டிருந்தாள்.

“அக்கா, நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு ஒரு தையல்காரம்மாவுக்குக் கண்ணையே எடுக்கப் போறாங்க. உள்ள இருக்கிறது புத்துநோய்க் கட்டின்னு பெரிய டாக்டர் சொல்றார். எனக்கு அது வெறும் வீக்கம்னு தோணுது, மருந்துலயே வத்திடும். இதே மாதிரி ஒருத்தருக்கு வந்து, மருந்துல சரியாகியிருக்கு. முப்பது வருஷத்துக்கு முந்தின கட்டுரை. ‘வாயால சொல்லாத, படத்தோட கொண்டுவா, ஆபரேஷனத் தள்ளி வைக்கிறேன்’னுட்டார்.”

கணினியில் தேடினோம். தலைப்பு மட்டும் வந்தது, உள்ளே ஒரு வரி இல்லை. வேறு ஊர் நூலகத்துக்குப் போன் போட்டால், நகல் அனுப்ப மூன்று நாள் ஆகுமாம். மூன்று நாளா! நாளைக்குக் காலையிலேயே கண் போய்விடுமே! எங்கள் பழைய பதிவேட்டைப் புரட்டினேன். அந்த வருடத்துக் கண் இதழ்கள் பதினொன்று வந்திருந்தன. ஒன்பதாவதற்கு நேராக ‘வரவில்லை’ என்று அக்காவின் கையெழுத்து. வேண்டியது அந்த ஒன்பதுதான்.

டாக்டர் பெண் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். எடுத்த கவளம் கையிலேயே நின்றது, முகம் வெளுத்துப்போயிருந்தது.

“வந்துச்சு” என்றார்.

“என்னக்கா வந்துச்சு?”

“அந்த இதழ் வந்துச்சுடா. நான்தான் வரலைன்னு எழுதினேன். எந்திரிங்க ரெண்டு பேரும்!”

கையைக்கூடக் கழுவவில்லை. நிலவறைப் படிகளில் இறங்கிக்கொண்டே மூச்சிரைக்கச் சொன்னார். அந்த வருடம் கைக்குழந்தைக்கு ஒரு வாரம் காய்ச்சல், தூக்கமே இல்லை. கண் இதழும் காது மூக்கு இதழும் ஒரே அளவு, ஒரே பச்சை அட்டை. கண் இதழ் ஒன்றைத் தூக்கிக் காது மூக்குக் கட்டில் வைத்துவிட்டார். பைண்ட் ஆகி வந்த பிறகுதான் தெரிந்தது. வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு மாதம். வெளியே சொன்னால் சீட்டுக் கிழிந்துவிடும் என்று பயந்து, ‘வரவில்லை’ என்று எழுதிவிட்டார். அப்புறம் சொல்ல வெட்கம். முப்பது வருடம் ஓடிவிட்டது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. எத்தனை முறை இந்த மனுஷி என் நகலில் பக்கம் மாறிவிட்டதென்று மானத்தை வாங்கியிருப்பார்! ஆனால் சண்டை போடவா நேரம்?

நிலவறையில் இரும்பு அலமாரிகள் தண்டவாளத்தில் ஓடும், சக்கரத்தைச் சுற்றினால் விலகி வழி விடும். அன்றைக்குப் பார்த்து அது அசையவில்லை. மூவரும் தோள் கொடுத்துத் தள்ளினோம். “தம் கட்டித் தள்ளுடா, தின்ன சோறு எங்க போச்சு!” என்று அக்கா கத்தினார். நான் சாப்பிட்டிருந்தால்தானே! ஒரு முழம் விலகியது. அக்கா பக்கவாட்டில் நுழைந்து, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், கீழ்த்தட்டிலிருந்து கனத்த காது மூக்குத் தொகுதி ஒன்றை உருவினார். சரியாக நடுவில் பிரித்தார்.

கண்! பக்கம் முழுக்கக் கண் படம்!

“இருக்குடீ! இருக்கு!” அக்கா போட்ட சத்தத்தில் மேலே படித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்களாம். நூலகர் படியிறங்கி வந்து, “யாரு கத்துறது?” என்றார்.

“நான்தான் சார். இது என் தப்பு, முப்பது வருஷத் தப்பு. திட்டுறத அப்புறம் திட்டுங்க, இப்ப வழிய விடுங்க.”

மனிதர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். நான் புத்தகத்தை விரித்து அழுத்திப் பிடித்து, படத்தில் ஒரு நிழல் விழாமல் இரண்டு நகல் எடுத்தேன். என் வாழ்க்கையில் நான் எடுத்த உருப்படியான நகல் அதுதான். டாக்டர் பெண் அதைப் பிடுங்கிக்கொண்டு பறந்தாள்.

மாலை நாலு மணிக்குப் போன். ஆபரேஷன் பத்து நாள் தள்ளிப்போனது, மருந்து ஆரம்பித்துவிட்டார்கள். அக்கா பதிவேட்டை எடுத்து, ‘வரவில்லை’யை அடித்து, சிவப்பு மையில் ‘இருக்கிறது, காது மூக்குத் தொகுதியில். என் தவறு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நூலகர் அதைப் படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பிரித்துச் சரியாகக் கட்டச் சொல்லிவிட்டுப் போனார்.

“பேர எப்பக்கா மாத்தப் போறீங்க?” என்றேன். “உஷ்” என்றார். ஆனால் சுரத்தே இல்லை. அந்தப் பத்து நாளும் வார்டிலிருந்து போன் வராமல் அவர் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. எனக்கும் சோறு இறங்கவில்லை என்பதை இங்கே மட்டும் ஒப்புக்கொள்கிறேன். பத்தாம் நாள் டாக்டர் பெண் போனிலேயே கூவினாள். “பாதிக்கு மேல வத்திடுச்சுக்கா! பெரிய டாக்டரே ஆபரேஷன் சீட்டக் கிழிச்சுப் போட்டுட்டார்!”

ஒரு மாதம் கழித்துத் தையல்காரம்மா நேரில் வந்தார். “எந்தப் புத்தகம்னு நான் பாக்கணும்” என்றார். அக்கா அதை இன்னும் பைண்டிங்குக்கு அனுப்பவில்லை. மேசைமேல் வைத்துப் பிரித்தார்.

தையல்காரம்மா நல்ல கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். எடுக்கவிருந்த அந்தக் கண்ணைப் பக்கத்தோரத்தில் ஓடும் பைண்டிங் நூலுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

“தையல் கோணலா இருக்கே! யார் கட்டினது இத?” என்றார்.

“கோணல்தாம்மா” என்றார் அக்கா. “முப்பது வருஷமா கோணல்தான்.” சொல்லிவிட்டு, அத்தனை பேர் படித்துக்கொண்டிருக்க, அழுகையும் சிரிப்புமாகச் சத்தம் போட்டார்.