மகளின் செயலி என் அளவை ஏற்கவில்லை

இன்று எழுத இருப்பவை:
1. கட்டட அளவுகளைப் பதிய என் மகள் தர்ஷினி செய்த கைபேசிச் செயலி.
2. வெல்லாவெளியில் அது காப்பாற்றிய மதகு.
3. நாற்பது வருடம் நில அளவை பார்த்தவனுக்கு அதன் எச்சரிக்கைகள் தேவையில்லை என்ற என் கருத்து.

வயல் வீதியில் ஒரு சிறு மதகுக்கு இன்று கொங்கிறீட் போட இருந்தார்கள். செயலியைச் சோதிக்க மகள் போனாள். நானும் கூடப் போனேன்.

மட்டக்கருவியில் பார்த்து, அளவுகோலின் மேல், நடு, கீழ் என மூன்று அளவுகளை நான் சொன்னேன். நடு அளவு மற்ற இரண்டுக்கும் சரிபாதியில் வர வேண்டும். அவள் பதிந்தாள்.

திரையில் பெரிய தமிழ் எழுத்தில் வந்தது: “நடு அளவு மற்ற இரண்டோடு பொருந்தவில்லை. திரும்பப் பாருங்கள்.”

மேசன் சிரித்தார். “மகள், போன் சொல்றதக் கேக்கிறதா, ஐயா சொல்றதக் கேக்கிறதா? கலவை இறுகப் போகுது.”

“ரெண்டையும் விடுங்க மாமா. அப்பா, இன்னொருக்கா பாருங்க.”

பார்த்தேன். பத்து சென்ரிமீற்றர் பிழை. அப்படியே போட்டிருந்தால் மதகின் தளம் உயர்ந்து, மாரியில் மேல் வட்டை வயல்கள் முழுவதும் தண்ணீர் நின்றிருக்கும்.

“பிழை என்னுடையதுதான்” என்றேன் மெதுவாக. மேசனுக்குக் கேட்டுவிட்டது.

“ஐயா, உங்கட மகள் உங்களையே விடல்ல. அப்ப எங்கள எங்க விடப்போறா?”

வீடு வரும்வரை அதையே நினைத்து மகிழ்ந்தேன்.

மேலே மூன்றாவதாக எழுதிய கருத்து தவறு. அந்த எச்சரிக்கையை எடுத்துவிடச் சொல்லிப் போன மாதம் அவளோடு வாதாடியவனும் நான்தான். அவள் எடுக்கவில்லை.

பிள்ளை சொல்பேச்சுக் கேட்காததற்கு இவ்வளவு பெருமைப்பட்டவர்கள் வேறு யாரும் இங்கே இருக்கிறீர்களா?