கையெழுத்துப் போட்டவர்களுக்கும் ஒரு பூசை

கிறிஸ்துமஸுக்கென்று வளர்த்த கிடா, பண்டிகைக்கு முந்தின நாள் காலையில் மேய்ச்சலில் தள்ளாடி விழுந்தது. பென்னலூரில் எங்கள் தெருவில் ஒரு வழக்கம்: சீக்கு ஆடு தானாகச் செத்தால் கறி வீண், அதனால் உயிர் போவதற்குள் அறுத்துவிட வேண்டும். என் வீட்டுக்காரர் கத்தியோடு ஓடினார். ரத்தம் கறுப்பாக ஓடியது, உறையவே இல்லை. எனக்கு அதெல்லாம் எங்கே கண்ணில் பட்டது? நான் மசாலா அரைத்துக்கொண்டிருந்தேன்.

மதியத்துக்குள் மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் சைக்கிளில் வந்து நின்றார். பக்கத்துத் தெருவிலும் ஆடுகள் விழுந்திருந்தன. இது அடைப்பான் நோய், இங்கிலீஷில் ஆந்த்ராக்ஸ், மனுஷனையும் கொல்லும் என்று சொல்லி, கறியைச் சட்டியோடு குழியில் போட்டுச் சுண்ணாம்பு கொட்டச் செய்தார். பண்டிகை நாளில் என் அடுப்பில் வெறும் ரசம். அந்த மனுஷனை நான் திட்டாத திட்டில்லை.

சில நாள் கழித்து அவரே திரும்பி வந்தார், கறியைத் தொட்டவர்களை வீடு வீடாகப் பார்க்க. என் வீட்டுக்காரரின் மணிக்கட்டில் ஒரு கொப்புளம், நடுவில் கரி மாதிரி கறுப்பு. முழங்கை வரை வீக்கம். "வலியே இல்லீங்க, முள்ளு ஏதோ குத்திக்கீது" என்றார் இவர். வலிக்காமல் இருப்பதுதான் ஆபத்து என்று கம்பவுண்டர் அதட்டி, இவரைக் கேரியரில் உட்காரவைத்து ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்கு மிதித்தார். பென்சிலின் ஊசி போட்டார்கள். ஜுரத்தில் இவர் பிதற்றிய நாளெல்லாம் நான் தாலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிழைத்துக்கொண்டார். கம்பவுண்டருக்காக மாதா கோயிலில் நன்றிப் பூசை வைத்தோம். மகராசன், அவர் நன்றாக இருக்கவேண்டும்.

அடுத்து வந்த கோடையில் ரேடியோவில் ஒரு செய்தி. நோய்க் கிருமிகளை ஆயுதமாகச் செய்வதில்லை, இருப்பதையும் அழித்துவிடுவது என்று பல நாடுகள் கையெழுத்துப் போட்டனவாம். முன்னொரு காலத்து ஒப்பந்தம் போரில் பயன்படுத்துவதைத்தான் தடுத்தது, தயாரிப்பதைத் தடுக்கவில்லை என்றும், உலகப் போரின்போது அடைப்பான் கிருமியையே வளர்த்துக் குண்டில் அடைத்துப் பார்த்தார்கள் என்றும் விளக்கம் சொன்னார்கள்.  ஆட்டுக்குத் தானாக வந்த நோய்க்கே நான் பட்ட பாடு போதாதா? படித்தவன் உட்கார்ந்து இதை வளர்த்தானா, பாவி!

 வீட்டுக்காரர், கையெழுத்துப் போட்டவர்களுக்கும் ஒரு பூசை வைக்கலாம் என்றார். எனக்கு ஆத்திரம் வந்தது. கையெழுத்தைப் போட்டுவிட்டுக் கொல்லைப்புறத்தில் வளர்க்கமாட்டான் என்று யார் கண்டது என்று கேட்டேன்.

"வளக்கறவன் வளப்பான். ஒருத்தன் நெசமாவே நிறுத்திட்டான்னா? எங்கியோ ஒருத்தி புருசன் பொழச்சிக்கினான் இல்ல" என்றார். "அவன் பொழச்சது அவளுக்குத் தெரியவே தெரியாது. அவ எப்புடி நன்றி சொல்லுவா? நாம சொல்லிடலாம்."

பங்குச் சாமியாரிடம் பூசைக்குச் சொல்ல நானே போனேன்.