ஏரோதின் காவற்காரன் அணிந்த தொப்பி

இறந்துபோன ஒரு படைவீரனின் தொப்பியைத் திருடி, சனம் சிரிக்க மேடையேற்றியவன் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேய், ஆவி என்று யாராவது தொடங்கினால் எழுந்து போகிற ஆள். யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படிப்பித்தவன். நீங்களும் நம்பாமல் விடலாம்.

பிறகு இத்தாலிக்கு வந்து, பலெர்மோவின் சீசாப் பகுதியில் வயதான ஓர் அம்மணியை, அவர்கள் பேச்சில் சின்யோராவை, பராமரித்தேன். ஆபிரிக்காவில் எரித்திரியாவை இத்தாலி ஆண்ட காலத்தில் அவருடைய தகப்பன் அங்கே படை அதிகாரி. அந்த மண்ணின் ஆட்களைச் சேர்த்துத்தான் இத்தாலி அங்கே தன் சண்டைகளைப் பிடித்தது. அப்படி ஒருவன் அணிந்த தொப்பி, சிவப்பில் உயரமாக, குஞ்சத்தோடு, சின்யோராவின் அலுமாரியில் கிடந்தது.

மூவிராசாக்கள் திருநாளுக்கு எங்கள் தமிழ்ப் பங்குக் கோயில் மண்டபத்தில் நாடகம் போட்டோம். பழக்கியவன் நான். ஏரோது ராசாவின் காவற்காரன் வேடம் என் கூட்டாளி அந்தோனிக்கு. காவலில் தூங்கி விழும் கோமாளி. கேட்காமலே தொப்பியை எடுத்துப்போய் அவனுக்கு வைத்தேன். முகத்தில் கரியும் பூசினேன்.

"மாஸ்டர், இந்தக் கோலத்திலை போனா மனுசி வீட்டுக்கை விடாள்."

"வெறும் முகத்தோடை போனா மட்டும் விடுறவளோ?" என்றேன்.

பகல் நாடகம். மண்டபம் நிறைந்திருந்தது. நான் எதிர்பாராதபடி சின்யோராவையும் அவர் மகள் சக்கர நாற்காலியில் அழைத்து வந்திருந்தாள்.

"நான் எங்கை நித்திரை? கண்ணை மூடிக்கொண்டு காவல் காக்கிறன்!" என்றான் அந்தோனி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போதுதான் அவன் நிமிர்ந்து நின்றான். அதன்பின் அசையவில்லை, இமைக்கவும் இல்லை. அதுவும் பகிடி என்று நினைத்துச் சனம் இன்னும் சிரித்தது. இராசாக்கள் வந்து போனார்கள், திரை விழுந்தது, அவன் நின்றபடியே நின்றான்.

"இஞ்சாருங்கோ! காணும் பகிடி!" மனைவி பிடித்து உலுக்கினாள். கல்லை உலுக்குவது போல இருந்தது. ஜனவரிக் குளிரில் கரி கரைந்து வழிய வியர்த்தான். தொப்பியைக் கழற்ற இழுத்தேன், வரவில்லை. மூச்சு குறைந்துகொண்டே போயிற்று, உதடு நீலம் பாரித்தது. யாரோ அம்புலன்ஸுக்குப் போன் அடித்தார்கள். அவன் என் கையில் சாகப்போகிறான் என்றே நினைத்தேன்.

சின்யோரா என்னைத் திட்டவில்லை. கையசைத்து என்னைக் கூப்பிட்டார்.

"இது அப்பாவின் ஆளுடைய தொப்பி. 'நான் வரும்வரை அசையாதே' என்று அவனைப் பாலத்தடியில் நிறுத்திவிட்டு, அப்பா பின்வாங்கிவிட்டார். திரும்பிப் போகவேயில்லை. சண்டை முடிந்தபின் தொப்பி மட்டும் வந்தது. என்னைக் கிட்டே தள்ளு."

தள்ளினேன். மெலிந்த குரலில், ஆனால் அதிகாரி போலவே, "ரிப்போசோ" என்றார். இளைப்பாறு என்று வீரர்களுக்கு இடும் கட்டளை அது. அந்தோனியின் முழங்கால் மடிந்தது, தொப்பி தானாகக் கழன்று உருண்டது. என்ன நடந்தது என்று கேட்டபோது, "சரியான வெயில், மாஸ்டர்," என்று மட்டும் சொன்னான்.

சின்யோராவிடமும் அந்தோனியிடமும் மன்னிப்புக் கேட்டேன். பிறகு, சின்யோரா குடியிருந்த கட்டடத்தில் துப்புரவு வேலை செய்யும் எரித்திரியப் பெண் லெம்லெமிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு தொப்பியைக் கொடுத்தேன்.

"அவர் பெயர் என்ன?"

தெரியாது. சின்யோராவுக்கும் தெரியாது. அவர் தகப்பன் ஒருநாளும் சொன்னதில்லையாம்.

"நீயும் சிரித்தாயா?"

"ஓம்," என்று தமிழிலேயே வந்துவிட்டது. அவளுக்கு விளங்கியது.

லெம்லெமின் ஆட்கள் தங்கள் கோயிலில் பெயரில்லாமலே அவருக்காக மன்றாடினார்கள். பிறகு லெம்லெம் தொப்பியைத் திருப்பிக் கொண்டுவந்தாள். "பெயர் சொல்லாமல் எங்கள் இறந்தவர்களோடு இவரைச் சேர்க்க முடியவில்லை. எழுப்பியவன் நீ, நீயே பார்த்துக்கொள்."

சின்யோரா இப்போது உயிரோடு இல்லை. தொப்பி என் அறை மேசையில் இருக்கிறது. தினமும் காலையில் அதன்முன் நின்று, "ரிப்போசோ" என்கிறேன். நான் சொன்னால் செல்லுமோ தெரியாது.

தொப்பியின் உள்பட்டியில் வெள்ளையாக ஒரு கோடு படிகிறது. ஒருமுறை நாக்கில் வைத்துப் பார்த்தேன்: உப்பு, காய்ந்த வியர்வையின் உப்பு. நேற்றும் ஈரத்துணியால் துடைத்தேன். இன்று விடிய மறுபடி படிந்திருக்கிறது. வெளியே மூன்றாம் நாளாக மழை.